பெட்டிச் சத்தம் கேட்டதா

போன வாரம் மதுரையிலிருந்து ஒரு அக்கா போன் பண்ணினார். என் வாசிப்பைக் கேட்டு அறிமுகமானவர், வருஷத்துக்கு ஒரு தடவையாவது பேசிவிடுவோம். எடுத்த எடுப்பிலேயே, "என்ன பிள்ள, ஆளையே காணோம், உடம்புக்கு ஏதும் சரியில்லையா?" என்றார். உடம்பெல்லாம் நல்லா இருக்குக்கா, ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் ரெண்டையும் மூடிட்டேன், அவ்வளவுதான் என்றேன். "ஐயோ, ஏன்? அதுலதானே உன்னைய அத்தனை பேரு பாத்தாங்க" என்றார். பார்த்தார்கள்தான். அந்தப் பேச்சு முடிந்த பிறகும் மனசு அதிலேயே நின்றது, அதனால் எழுதுகிறேன்.

எனக்குப் பிறவியிலிருந்தே பார்வை கிடையாது. ஆர்மோனியம் வாசிக்கிறேன். செங்கோட்டைப் பக்கம் பழைய ஆட்கள் அதைப் பெட்டி என்றுதான் சொல்வார்கள், நானும் அப்படியே சொல்கிறேன். தாத்தா நாடகங்களுக்குப் பெட்டி வாசித்தவர். அவர் மடியில் உட்கார்ந்து, அவர் விரல் ஓட, நான் துருத்தியை அமுக்கிப் பழகியதில் தொடங்கியது எல்லாம். பங்குனி, சித்திரையில் கொடை என்கிற கோயில் திருவிழாக்களுக்குப் போவேன், ஒன்பது பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கிறேன். வீடு புளியரை போகிற ரோட்டோரம். கேரளா போகிற லாரிகள் மேட்டுக்கு கியர் மாற்றுகிற சத்தம் ராத்திரி முழுக்கக் கேட்கும்.

2023 சித்திரையில் ஒரு கொடை. அன்றைக்குக் கதனகுதூகலம் எடுத்தேன். தெரிந்தவர்களுக்குத் தெரியும், அழுகைக்கு இடமே இல்லாத ராகம் அது. பட்டணம் சுப்பிரமணிய ஐயர் உண்டாக்கியது, பேரிலேயே குதூகலம் இருக்கிறது, ஸ்வரங்கள் வரிசையாகப் போகாமல் தாண்டித் தாண்டி ஏறும், ஸ்வரத்தை அசைத்து வளைக்கிற கமகம் அதிகம் தேவைப்படாததால் பெட்டிக்கு அப்படிப் பொருந்தும். கை நன்றாக ஓடியது. முன்னால் உட்கார்ந்திருந்த சின்னப் பிள்ளைகள் தாங்களாகவே தாளம் போட்டார்கள். யாரோ போனில் படம் பிடித்திருக்கிறார்கள்.

மூன்றாம் நாள் சித்தி மகள் கூப்பிட்டாள். "அக்கா, எங்க பாத்தாலும் உன் வீடியோதான் ஓடுது" என்று சொல்லி அழுதாள். சந்தோஷமான செய்திக்கு ஏன் அழுகிறாள் என்று எனக்குப் பிடிபடவில்லை. அனுப்பச் சொல்லிப் போனைக் காதில் வைத்தேன். ஒரு வயலின் இழுத்து இழுத்து அழுதது. அதன் மேல் ஒரு ஆண் குரல். என் கண்ணைப் பற்றி, என் வறுமையைப் பற்றி (எங்களுக்குச் சாப்பாட்டுக்கு எந்தக் குறையும் இல்லை), இவரைப் பார்த்த பிறகாவது உங்கள் வாழ்க்கையைக் குறை சொல்வதை நிறுத்துங்கள் என்று. பெட்டி எப்போது வரும் என்று நான் காத்துக்கொண்டே இருந்தேன். வரவே இல்லை. ஒன்றரை நிமிஷத்தில் என் வாசிப்பு ஒரு நொடிகூட இல்லை, எல்லாவற்றையும் அழித்துவிட்டு அந்த வயலினைப் போட்டிருக்கிறார்கள். விரல் ஓடுவதாவது தெரிகிறதா என்று கேட்டேன். "தெரியுதுக்கா, நல்லா ஓடுது" என்றாள்.

கீழே என்ன எழுதியிருக்கிறார்கள் என்று போனை வாசிக்க விட்டேன். எங்கள் போன் படக்குறிகளையும் சொல்லாகவே வாசிக்கும். கூப்பிய கைகள், கூப்பிய கைகள், உடைந்த இதயம், அழும் முகம், கூப்பிய கைகள், உடைந்த இதயம், உடைந்த இதயம். கால் மணி நேரம் கேட்டேன். நல்ல மனசோடு போட்டவர்கள்தான், அவர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. ஆனால் அத்தனை பேரில் ஒருவர்கூட என்ன ராகம் என்று கேட்கவில்லை. எப்படிக் கேட்பார்கள், அவர்கள் காதில்தான் அது விழவே இல்லையே.

வீடியோவைப் போட்டவர்களுக்கு எழுதினேன், ஒலியையாவது திருப்பிப் போடுங்கள் என்று. பதில் இல்லை. அந்த ஆனி மாதம், முதல் சாரல் அடித்த அன்றைக்கு, இரண்டு கணக்கையும் மூடினேன்.

அந்த ஒரு வீடியோ மட்டும் காரணம் என்று சொன்னால் அது முழு உண்மை ஆகாது. எனக்கு அந்த இடம் எப்போதுமே பாதிதான் திறந்திருந்தது. நண்பர்கள் போடுகிற படத்துக்கு விளக்கம் எழுத மாட்டார்கள். ஃபேஸ்புக்கில் 2016இல் தானாகவே விளக்கம் சொல்கிற வசதி வந்தது, வந்தபோது நாங்கள் எல்லோரும் அவ்வளவு சந்தோஷப்பட்டோம், ஆனால் அது "ஒரு நபர், வெளிப்புறம், சிரிப்பு" என்கிற மாதிரி சொல்லிவிட்டு நின்றுவிடும். தங்கை மாதிரி பழகியவளின் கல்யாணப் படம் எனக்கு "இரண்டு நபர்கள், நின்றுகொண்டிருக்கிறார்கள்" என்று வந்தது. அதற்குப் போன் போட்டு, "என்ன கலர் சேலை கட்டுன, யார் யார் வந்தாங்க" என்று அவளிடமே கேட்டால் அரை மணி நேரம் சொல்வாள். இப்போது அப்படித்தான் கேட்கிறேன்.

நஷ்டம் இல்லாமல் இல்லை. அந்த வருஷம் வெளியூர்க் கச்சேரி நான்கு வருவது இரண்டானது. "கூப்பிடுதவங்க அது வழியாத்தானே கூப்பிடுதாங்க பிள்ள" என்று அம்மா இன்றைக்கும் சொல்வாள். தெரிந்த ஒரு தவில்காரர் இறந்துபோனது எனக்குப் பதினாறாம் நாள் கழிந்துதான் தெரிந்தது, அது இன்னும் உறுத்துகிறது.

சரி, இந்த நேரத்தில் என்ன செய்கிறேன் என்று அக்கா கேட்டார். முதலில் தாத்தாவின் பெட்டியைப் பிரித்தேன்.

சுருதி பற்றிப் பேசும்போது நம்மில் எல்லோரும் "இவருக்கு ஒரு கட்டை, அந்தம்மாவுக்கு ஐந்தரைக் கட்டை" என்கிறோம் இல்லையா, அந்தக் கட்டை ஆர்மோனியத்தின் கட்டைதான். அகில இந்திய வானொலி 1940இல் ஆர்மோனியத்தை விலக்கி வைத்து, 1971இல்தான் அந்தத் தடையைத் தளர்த்தியது. அந்த முப்பது வருஷமும் சுருதி சொல்ல எல்லோரும் அந்தக் கட்டையைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார்கள். விலக்கியதற்குச் சொன்ன காரணங்களில் நியாயம் இருந்தது. ஸ்வரத்துக்கும் ஸ்வரத்துக்கும் நடுவில் பெட்டியால் வழுக்கிப் போக முடியாது. இன்னொன்று, சந்தையில் கிடைக்கிற பெட்டியில் பன்னிரண்டு ஸ்வரமும் சம அளவாக வெட்டி வைத்திருக்கும். தம்புராவை மீட்டிக் கூர்ந்து கேட்டால் அதற்குள்ளிருந்தே ஒரு அந்தர காந்தாரம் (இரண்டு க ஸ்வரத்தில் உயர்ந்தது) எழும்பி வரும். பெட்டியின் காந்தாரம் அதைவிடக் கொஞ்சம் கூடுதலாக, ஒரு அரை ஸ்வர இடைவெளியை நூறாகப் பங்கிட்டால் அதில் பதினான்கு பங்கு உயரத்தில் நிற்கும். சின்ன வயசிலிருந்தே அந்த இடம் எனக்குப் பல்லில் மணல் கடித்த மாதிரி இருக்கும்.

அதைச் சரிசெய்வது என்று உட்கார்ந்தேன். மேல் பலகையைக் கழற்றினால் உள்ளே பித்தளை ரீடுகள் வரிசையாக இருக்கும், ஒவ்வொன்றிலும் ஒரு மெல்லிய நாக்கு. நாக்கின் நுனியில் துளி சுரண்டினால் சுருதி ஏறும், அடிப்பக்கம் சுரண்டினால் இறங்கும். நுனியில் எடை குறைந்தால் வேகமாக ஆடும், அடியில் வலு குறைந்தால் மெதுவாக ஆடும், அவ்வளவுதான் கணக்கு. நாக்குக்குக் கீழே ஒரு மெல்லிய தகட்டைக் கொடுத்து, இடது கை ஆள்காட்டி விரல் நகத்தால் இடத்தைப் பிடித்துக்கொண்டு, வலது கையில் சின்ன அரம். மூன்று இழுப்பு. ஊதி, பித்தளைத் தூளைப் போக்கி, திருப்பி மாட்டி, காற்று கொடுத்து, தம்புராவோடு சேர்த்துக் கேட்க வேண்டும். இரண்டு சுருதியும் கிட்டத்தட்ட ஒன்றாக இருந்தால் ஒரு அலை கேட்கும், வாவ்... வாவ்... என்று. நொடிக்கு நான்கு அலை, மூன்று அலை, பிறகு ஒன்று, பிறகு மூச்சு விடுகிற மாதிரி அவ்வளவு மெதுவாக, பிறகு நின்றுவிடும். நிற்கிற அந்த நொடியில் பெட்டிப் பலகையில் வைத்திருக்கிற உள்ளங்கைக்கே தெரியும், அதிர்வு ஒன்றாகிவிடும். ஒரு இழுப்பு அதிகமாகப் போனால் மறுபக்கம் சுரண்டித்தான் சரிக்கட்ட வேண்டும், இரண்டு பக்கமும் சுரண்டச் சுரண்ட நாக்கு மெலிந்து ஒரு நாள் ஒடிந்துவிடும். எனக்கு இரண்டு ஒடிந்தன. சாரல் காலத்தில் பித்தளையில் களிம்பு வேறு ஏறிக் கணக்கு மாறும், ஆவணி வரைக்கும் சும்மா இருந்துவிட்டு மறுபடி தொடங்கினேன். எல்லாம் முடிய எட்டு மாதம் ஆனது. இப்போது என் ஐந்தரைக் கட்டைக்கு மட்டும் அந்தப் பெட்டி அப்படியே பாடுகிறது. வேறு கட்டைக்கு மாறினால் கேட்க முடியாது. அதற்கு இன்னொரு பெட்டி இருக்கிறது, பரவாயில்லை.

அந்த எட்டு மாதத்தில் கேட்டதெல்லாம் எங்கள் ஊர் நாடகப் பாடகர் கிட்டப்பாவைத்தான். செங்கோட்டையில் 1906இல் பிறந்து 1933இல் இருபத்தேழு வயதில் போய்ச் சேர்ந்தவர். அவரை மேடையில் பார்த்த யாரும் இன்றைக்கு ஊரில் இல்லை. மிச்சம் இருப்பது பக்கத்துக்கு மூன்று நிமிஷம் ஓடுகிற இசைத்தட்டுகள், அவற்றின் இரைச்சலுக்கு நடுவே மேல் ஸ்தாயியில் ஒரு குரல். எனக்கும் உங்களுக்கும் கிட்டப்பா ஒரே ஆள், கண் இருக்கிறவர் இல்லாதவர் என்கிற வித்தியாசம் அந்தத் தட்டின் முன்னால் இல்லை. அதே மாதிரி கும்பகோணம் சரப சாஸ்திரி. 1904இல் முப்பத்திரண்டு வயதில் காலமானவர், பார்வை கிடையாது, புல்லாங்குழலைத் தனிக் கச்சேரி வாத்தியமாக நிறுத்தியவர் என்று அவரைத்தான் சொல்கிறார்கள். பல்லடம் சஞ்சீவ ராவ் அவருடைய சிஷ்யர். அவரைப் பற்றிச் சொல்ல வருகிறவர்கள் குழலைத்தான் முதலில் சொல்கிறார்கள், கண்ணை அப்புறம்தான் சொல்கிறார்கள். இதை நினைக்கும்போதெல்லாம் எனக்குத் தைரியமாக இருக்கிறது.

பதிவு செய்வது எப்படி என்று நிறையப் பேர் கேட்கிறார்கள், அதையும் சொல்லிவிடுகிறேன். கணினியில் என்விடிஏ என்கிற ஸ்கிரீன் ரீடர், திரையில் இருப்பதை வாசித்துச் சொல்லும், இலவசம், மைக்கேல் கரன் என்கிற பார்வையற்ற ஆஸ்திரேலியர் 2006இல் தொடங்கியது, தமிழும் வாசிக்கும். பதிவுக்கும் ஒட்டுவதற்கும் ரீப்பர் என்கிற மென்பொருள். அதோடு ஓசாரா என்று ஒரு சின்ன இணைப்பைச் சேர்த்தால் எந்த டிராக், எந்த நொடி, ஒலி எவ்வளவு என்று எல்லாவற்றையும் பேசிக் காட்டும். மௌஸ் தொட வேண்டாம், எல்லாம் விசைப்பலகைதான். வெளியே எடுத்துப் போக ஜூம் எச்1 எசென்ஷியல், மெனுவை வாய்விட்டுச் சொல்கிற ரெக்கார்டர். 32 பிட் ஃப்ளோட்டில் எடுப்பதால் ஒலி அளவை முன்கூட்டி வைக்க வேண்டியதில்லை, ஒலி அளவு காட்டுகிற முள்ளைப் பார்க்க முடியாத எங்களுக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் தெரியுமா? பிள்ளைகளுக்கு ஸ்வரம் எழுதிக் கொடுப்பது மட்டும் பழையபடி பிரெயில் பலகையும் ஊசியும்தான். வெளியூரில் படிக்கிற ஒரு பையனுக்கு வர்ணம் (ஒரு வகை இசைப் பாடம்) எழுதித் தபாலில் அனுப்புகிறேன், பார்வையற்றோருக்கான பிரெயில் கட்டுக்குத் தபால்தலை ஒட்ட வேண்டாம். அவன் படித்துவிட்டு, வாசித்து, போனில் பிடிப்பான்.

இப்போது மனசு முழுக்க இருப்பது ரயில்.

செங்கோட்டையிலிருந்து புனலூர் போகிற மலைப்பாதை 1904இல் திறந்தது. 2010 வரைக்கும் மீட்டர் கேஜ், பிறகு வேலைக்காக நிறுத்தினார்கள், 2018இல் அகலப்பாதையாகத் திரும்பி வந்தது. பகவதிபுரம் தாண்டி ஆரியங்காவு குகை, ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர், அப்புறம் இறக்கம், கழுதுருட்டிப் பக்கம் பதிமூன்று கண் பாலம். சின்னப் பிள்ளையில் தாத்தாவோடு போயிருக்கிறேன். குகைக்குள் நுழைந்ததும் ரயில் பெட்டியே ஒரு பெரிய குடத்துக்குள் போன மாதிரி இருக்கும், எல்லோரும் "ஓ" என்று கத்துவார்கள், கூடவே குளிர் அடிக்கும், ஈரமண் வாசனை வரும். இப்போதும் கத்துகிறார்கள், போன மாசி மாதம் அம்மாவோடு போய்ப் பதிவு செய்தேன். ஆனால் பழைய வண்டியின் தாளம் இல்லை. அந்தச் சின்னத் தண்டவாளத்தின் இணைப்புகளில் சக்கரம் விழுந்து விழுந்து எழுந்த ஒரு நடை இருந்தது, அது இப்போதைய வண்டியில் இல்லை. நான் யாரிடம் கேட்டும் அந்தச் சத்தத்தின் பதிவு கிடைக்கவில்லை. படம் கேட்டால் ஆளுக்குப் பத்துப் படம் வைத்திருக்கிறார்கள்.

அப்போதுதான் தோன்றியது, சத்தம் ஆட்களிடம் இருக்குமே என்று. பழைய ஆட்களிடம் போய் அந்த ரயிலை வாயால் சொல்லச் சொல்கிறேன். டீக்கடைக்காரர், தண்டவாள வேலை பார்த்து ஓய்வு பெற்ற தாத்தா, தென்மலைப் பக்கம் பழம் கொண்டுபோய் விற்ற பெரியம்மா. இதுவரை பதினேழு பேர். முதலில் வெட்கப்படுவார்கள். அப்புறம் கண்ணை மூடிக்கொள்கிறார்களாம், கூட வருகிற அண்ணன் சொல்வார். ஒருத்தர் "தடக்குத் தடக்கு" என்று நாலு எண்ணிக்கையில் சொல்வார், இன்னொருத்தர் "டொக் டொக்டா" என்று ஏழில் சொல்வார். தண்டவாளத் தாத்தா ஏறும்போது ஒரு நடை, இறங்கும்போது வேறு நடை, பாலத்தின் மேல் வேறு என்று மூன்றையும் பிரித்துச் சொன்னார். வண்டியில் உட்கார்ந்து கேட்டவருக்கும் தரையில் நின்று கேட்டவருக்கும் ஒரே ரயில் இரண்டு தாளம். இதை எல்லாம் அடுக்கி, நடுவில் ஆர்மோனியப் பெட்டியில் வெறும் ஆதார ஷட்ஜம், அதாவது ஸ, மட்டும் பிடித்து, ஒரு இருபது நிமிஷத் துண்டாகச் செய்துகொண்டிருக்கிறேன்.

அண்ணன் என்றது கூடப் பிறந்தவர் இல்லை. ஆய்க்குடி அமர் சேவா சங்கத்தில் பழக்கமானவர். கழுத்துக்குக் கீழே அசைவில்லாமல் போன ராமகிருஷ்ணன் அய்யா 1981இல் தொடங்கிய இடம் அது, எங்கள் வட்டாரத்தில் என்னை மாதிரி ஆட்கள் பலருக்கும் முதல் சிநேகிதர்கள் அங்கேதான் கிடைத்தார்கள். அண்ணனுக்குப் போலியோவில் கால் பாதிப்பு, பின்னால் இரண்டு சக்கரம் கூடுதலாக மாட்டிய ஸ்கூட்டர் வைத்திருக்கிறார். அதில்தான் கோட்டைவாசல் தாண்டி ஆரியங்காவுக்குப் போகிறோம்.

அங்கே தேயிலைத் தோட்டத்தில் வேலை பார்த்து ஓய்ந்த ஒரு ஆச்சி இருக்கிறார். எண்பதுக்கு மேல் வயசு. செங்கோட்டையே 1956 நவம்பர் வரைக்கும் திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தில்தானே இருந்தது, ஆச்சி பேச்சில் எது தமிழ் எது மலையாளம் என்று பிரிக்க முடியாது, பிரிக்க வேண்டியதும் இல்லை. ரயில் சொல்லுங்க ஆச்சி என்றதற்கு, "எனக்கு வாயால சொல்லத் தெரியாது மோளே, எங்கம்மை பாடுன தாலாட்டுல இருக்கு" என்று பாட ஆரம்பித்துவிட்டார். தொட்டில் கயிறு உத்தரத்தில் உரசுகிற சத்தத்தையும் வண்டிச் சத்தத்தையும் சேர்த்துக் கட்டின நடை. ஒவ்வொரு அடி முடிவிலும் ஒரு இழுப்பு வரும், அது குகை வாசலில் எஞ்சின் கொடுக்கிற கூவல். நான் ரெக்கார்டரைக் கையில் பிடித்துக்கொண்டு மூச்சு விடாமல் உட்கார்ந்திருந்தேன். அந்தர காந்தாரம் தம்புராவில் எழுகிற இடத்திலேயே அப்படியே நின்றது, ஆச்சி தம்புராவைக் கேட்டே இருக்க மாட்டார்.

போன செவ்வாய்க்கிழமை மறுபடி போனோம். இரைச்சலை எல்லாம் குறைத்துச் சுத்தம் செய்ததை, ஹெட்போனை ஆச்சி காதில் மாட்டிக் கேட்கக் கொடுத்தேன். ஆச்சி என் முழங்கையைப் பிடித்துக்கொண்டே கேட்டார். பாட்டு ஓட ஓட விரல் என் கையில் தாளம் போட்டது. அண்ணன் போனை எடுத்து, ஒரு வீடியோ எடுக்கட்டுமா தங்கச்சி என்று மெல்லக் கேட்டார், வேண்டாம் அண்ணே என்றேன். நாலு நிமிஷம் முடிந்தது. ஹெட்போனைக் கழற்றி என் மடியில் வைத்தார். அழுவாரோ என்று எனக்குக் கொஞ்சம் பயமாக இருந்தது.

"தெத்திப் போச்சு" என்றார். தெத்து என்றால் தப்பு. "மூணாவது அடியில வண்டி பாலத்துக்கு வந்திரணும். நான் வேகமாப் பாடிட்டேன், குகைக்குள்ளயே நிக்குது. அடுத்த ஆழ்ச்ச வா மோளே, திரும்பப் பாடுதேன், இதை அழிச்சிரு."

அழிக்கவில்லை, பத்திரமாக வைத்திருக்கிறேன். நாளைக்கு மறுபடி போகிறோம், காலையிலேயே கிளம்பினால்தான் லாரிச் சத்தம் குறைவாக இருக்கும்.